திருகாணியைத் தொடாத வீடு

மேசை விரிப்பு அளவே இருந்த ஒரு புயல், சாத்தியிருந்த ஜன்னல் வழியாக ஷ்வாண்டெக் கிராமத்துக் குப்ளி வீட்டுக்குள் வந்து, மெல்கியோர் குப்ளியின் சட்டைப்பையில் குடியேறிய மாலையில் அங்கே இருந்தவர்கள் இவர்கள்: ஊரின் காற்றுக் காவலரான மெல்கியோர், கல்யாணம் செய்துகொள்ளாத அவர் தங்கை ரேகுலா, பாலாடைக்கட்டி காய்ச்சும் யோஸ்ட் ரீனர், போதகர் ஹைட்ஸ், மலைகளின் உயரத்தை அளக்கத் தலைநகரிலிருந்து வந்து அந்த வீட்டு மாடியில் தங்கியிருந்த ஒரு நில அளவைக்காரர், கதவோரம் படுத்திருந்த நாய் பேரி. இவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. தானும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு பிற்காலத்தில் மதுக்கடையில் ஓசியில் குடித்தவர்கள் பலர் உண்டு. அவர்கள் பேச்சைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

தெற்கு மலைகளைத் தாண்டி அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கும் சுடுகாற்றுக்கு மூத்தவர் என்று பெயர். ஊரில் எவரையும் விட வயது அதிகம் என்பதால் அந்த மரியாதை. மூத்தவர் வந்தால் முழங்கால் ஆழப் பனியை ஓரிரு நாளில் தின்று தீர்த்துப் புல்லை வெளியே கொண்டுவந்துவிடுவார். அதே கையோடு ஒரு வீட்டு அடுப்பிலிருந்து ஒரு பொறியை எடுத்து ஊரிலுள்ள மரவீடுகள் அத்தனைக்கும் பங்கு வைத்தும் விடுவார். ஆகவே ஊருக்கு ஒரு சட்டம் இருந்தது. கொம்பு ஊதினால் முதலில் அடுப்பை அணைக்க வேண்டும், ஏன் என்று பிறகுதான் கேட்க வேண்டும். ரொட்டி சுடக் கூடாது, இஸ்திரி போடக் கூடாது, புகைக்குழாயை வாயில் வைக்கக் கூடாது. அந்தக் கொம்பு ஏழு தலைமுறையாகக் குப்ளி வீட்டு ஆணியில் தொங்கியது. அதற்கு முன்பு அது ரீனர் வீட்டில் இருந்தது. அங்கிருந்து ஏன் கைமாறியது, காவலில் இருந்தவர் அன்று என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை இங்கே விரிக்கத் தேவையில்லை. ரீனர்களுக்கே தெரியும்.

கொம்பை ஊதுவது குப்ளி வீட்டு ஆண்கள். எப்போது ஊதுவது என்று சொல்வது குப்ளி வீட்டுப் பெண்களின் தலை. மூத்தவர் மலைக்கு அந்தப் பக்கம் எழுந்து உட்காரும்போதே இவர்களுக்கு இடது நெற்றிப்பொட்டில் ஆணி அடித்ததுபோல் வலிக்கும். ரேகுலா பன்னிரண்டு வயதிலிருந்து அந்த வேலையைச் செய்துவந்தாள். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் போதும், மெல்கியோர் கொம்பை எடுத்துவிடுவார். அவள் வலி ஒரே ஒரு முறைதான் பொய்த்தது. அது யோஸ்ட் ரீனரின் தம்பி கல்யாணத்தன்று. கொம்பு ஊதி, அடுப்புகள் அணைந்து, வந்த விருந்தாளிகள் வேகாத உருளைக்கிழங்கையும் பச்சைத் தொத்திறைச்சியையும் பார்த்துக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருந்தார்கள். ஒரு இலைகூட அசையவில்லை.

"ஏம்ப்பா மெல்கியோர், உன் தங்கச்சிக்குத் தலை வலிச்சா ஊருக்கே பட்டினி. நாளைக்கு அவளுக்குப் பல்லு வலிச்சா என்ன செய்யணும்? சர்ச் கோபுரத்தை இடிக்கணுமா?" என்று யோஸ்ட் பந்தியில் கேட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். யோஸ்ட் இளவயதில் ரேகுலாவைப் பெண் கேட்டு வந்தவன். ரீனர் வீட்டுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று மெல்கியோரின் அப்பா வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கும் இந்தக் கேலிக்கும் சம்பந்தமில்லை என்பார்கள். இருந்தது. ரேகுலா கையிலிருந்த ரொட்டிக்கூடையை மேசையில் வைத்துவிட்டு, தலையைப் பிடித்தபடியே வீட்டுக்கு நடந்தாள். அன்று அவளுக்கு உண்மையிலேயே வலித்தது. எதனால் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை மெல்கியோர் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரை நகரத்துக்கு இறங்கினார். குப்ளிகளின் சொல் இனி ஒரு பெண்ணின் நெற்றியை நம்பி இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தார். கடிகாரக் கடையில், காற்றின் கனத்தை அளந்து வானிலை சொல்லும் பெட்டியான ஒரு பாரோமீட்டர் வாங்கினார். பித்தளையில் செய்தது, உள்ளங்கையில் அடங்கும், சங்கிலி போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். முகத்தில் 'தெளிவு', 'மாறும்', 'மழை', 'புயல்' என்று எழுதி ஒரு முள். முதுகில் ஒரு சின்னத் திருகாணி, அதன்மேல் சிவப்பு அரக்கு. கடையில் முள் 'தெளிவு' என்று காட்டியது. வானமும் தெளிவாகவே இருந்தது. மெல்கியோருக்கு மனம் நிறைந்துவிட்டது.

ஊருக்கு ஏறும் வழியில் முதல் பாலத்தில் எடுத்துப் பார்த்தார். முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஊசியிலைக் காட்டின் ஓரத்தில் பார்த்தபோது 'மாறும்'. அவர் நடையை எட்டிப் போட்டார். ஆட்டுப்பட்டியருகே 'மழை'. கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தார். அவர் ஓட ஓட முள்ளும் இறங்கியது. சர்ச் கோபுரம் தெரிந்த இடத்தில் 'புயல்' என்ற சொல்லின் நடுவில் வந்து நின்றது. ஐம்பது வயது மனிதர் மூச்சு வாங்கியபடி வீட்டுக்குள் பாய்ந்து, தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொம்பை எடுத்து ஊதினார். அடுப்புகள் அணைந்தன. வானம் துடைத்த தட்டுபோல் இருந்தது.

ஒரு வாரம் ஊர் காய்ந்த ரொட்டியும் மூலிகை போட்ட பச்சைப் பாலாடைக்கட்டியும் தின்றது. முள் அசையவில்லை. மெல்கியோரும் அசையவில்லை. கடைசியில் யோஸ்ட் தன் பால் காய்ச்சும் கொப்பரை காய்ந்து கிடப்பதைச் சொல்லவும், போதகர் அவனை அடக்கவும் குப்ளி வீட்டுக்குச் சேர்ந்து வந்தார்கள். மாடியிலிருந்து இறங்கிவந்த நில அளவைக்காரர் பெட்டியை வாங்கிப் பார்த்தார்.

"இதுல கோளாறு ஒண்ணும் இல்லீங்க. மேல ஏற ஏறக் காத்தோட கனம் கம்மியாகும். முள்ளு இறங்கத்தான் செய்யும். இந்த அரக்கைச் சுரண்டிட்டு அரைத் திருப்பு திருப்புங்க, உங்க ஊருக்குச் சரியாக் காட்டும்" என்றார். சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு சின்னத் திருப்புளியையும் எடுத்து நீட்டினார்.

மெல்கியோர் அதை வாங்கவில்லை. "இது எங்க வீட்டுச் சாட்சி. சொல்றது பிடிக்கலைங்கறதுக்காகச் சாட்சியைக் கலைக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது."

"சாட்சி பொய் சொல்லுதே, அதுக்கு என்ன பண்றது?" என்றான் யோஸ்ட்.

"பொய் சொல்லல. புயல்னு சொல்லுது. அப்ப புயல் இருக்கு. எங்கேன்னுதான் இன்னும் தெரியல."

அவர் சொல்லி முடித்ததும் ஜன்னல் திரை உள்பக்கமாகத் தூக்கிக்கொண்டது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. பேரி எழுந்து, விருந்தாளிக்கு வழிவிடுவதுபோல் ஒதுங்கிப் போய் மேசைக்கடியில் படுத்தது. வந்தது வெதுவெதுப்பாக இருந்தது, தெற்கு மலைக்கு அந்தப் பக்கத்துத் திராட்சைத் தோட்ட வாசனை அடித்தது. அறையை ஒருமுறை சுற்றி, நில அளவைக்காரரின் மீசையையும் போதகரின் வெள்ளைக் கழுத்துப்பட்டையையும் தூக்கிப் பார்த்துவிட்டு, மெல்கியோரின் சட்டைப்பைக்குள் நுழைந்தது. அந்த நிமிஷத்திலிருந்து அவர் கோட்டின் இரு முனைகளும் படபடவென்று அடிக்கத் தொடங்கின.

மெல்கியோர் கோட்டைப் பார்த்தார், பிறகு யோஸ்டைப் பார்த்தார். "ஊர்ல அடுப்பு மூட்டிக்கச் சொல்லு. புயல் எங்க வீட்ல இருக்கு" என்றார். அன்று மாலையே ஊர் முழுக்கப் புகை எழும்பியது. குப்ளி வீட்டில் மட்டும் எழும்பவில்லை. காற்று அடிக்கும் வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பது சட்டம். சட்டத்தைக் காக்கும் வீடு அதை மீற முடியாது. நில அளவைக்காரர் மறுநாள் தன் கருவிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கிப்போனார். அவர் வரைந்த வரைபடத்தில் எல்லா ஊர்களுக்கும் உயரம் எழுதியிருக்கிறது, ஷ்வாண்டெக்குக்கு மட்டும் இல்லை.

அதன்பின் இரண்டு குளிர்காலங்கள் குப்ளி வீட்டில் எதுவும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. காற்று மெல்கியோரைச் சுற்றிக் கைநீட்டும் தூரத்துக்கு வீசியது. அவர் சர்ச்சில் உட்கார்ந்தால் முன் வரிசைக்காரர்களின் பாட்டுப்புத்தகம் தானாக வேறு பாட்டுக்குப் புரண்டது. அவர் படுத்தால் போர்வை எழுந்தது. கதவுகள் சாத்திக்கொண்டு, திறந்துகொண்டு, மறுபடி சாத்திக்கொண்டன. அவர் பால் கறக்கப் போனால் மாடுகள் தெற்கே திரும்பி நின்றன. அவரோ குல்லாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எப்போதும்போல் நிமிர்ந்து நடந்தார். கேலி செய்தவர்களிடம் பருவநிலையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார்.

ரேகுலாவின் நிலை வேறு. பாரோமீட்டர் வந்த நாளிலிருந்து அவளுக்குத் தலைவலி வரவில்லை. முதல் மாதம் சுகமாக இருந்தது. பிறகு, வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவள்போல அறைக்கு அறை நடக்க ஆரம்பித்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். வாசலுக்குப் போய் மலையைப் பார்ப்பாள். உள்ளே வந்து, பறந்து கிடக்கும் துணிகளை எடுத்து மடித்து வைப்பாள். அவை மறுபடி பறக்கும். உட்கார்ந்து ஒரு காலுறை பின்னி முடிக்க அவளால் முடியவில்லை. வாய்க்குச் சூடாக ஒன்றும் இல்லை. அவள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஆனால் முதல் குளிர்காலத்தின் நடுவில் ஒருநாள், பின்பக்கச் சுவரின்மேல் துணியில் சுற்றிய ஒரு பானை இருந்தது. உள்ளே பார்லிக் கஞ்சி, ஆவி பறந்தது. பானையின் பிடியில் ரீனர் பட்டறையின் முத்திரை இருந்தது. அன்று முதல் தினமும் பானை வந்தது. அவள் அதைச் சுவரருகே நின்றே குடித்தாள். அண்ணனுக்குப் பாதியை உள்ளே கொண்டுபோனால், அவர் பக்கத்தில் போவதற்குள் காற்று அதை ஆற்றிவிடும். அவர் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் ஆறிய கஞ்சியைக் குடிப்பார்.

அந்த இரண்டு குளிர்காலமும் மலையிலிருந்து மூத்தவர் இறங்கவே இல்லை. குப்ளி வீட்டில் தங்கிவிட்டார், பிறகு எப்படி இறங்குவார் என்று ஊர் பேசிக்கொண்டது. முதல் வருஷம் தாமதமாகவாவது வெயில் பனியைக் கரைத்தது. இரண்டாம் வருஷம் ஏப்ரல் முடிந்தும் மேய்ச்சல் நிலம் வெள்ளையாகவே கிடந்தது. வைக்கோல் தீர்ந்தது. மெத்தைகளைக் கிழித்து உள்ளே அடைத்திருந்த பீச் மரத்துக் காய்ந்த இலைகளை மாடுகளுக்குப் போட்டார்கள். அதுவும் தீர்ந்தது. மக்கள் தெருவில் நின்று தெற்கே பார்ப்பதும், மெல்கியோரின் கோட்டைப் பார்ப்பதும், மறுபடி தெற்கே பார்ப்பதுமாக இருந்தார்கள்.

மே மாதம் முதல் ஞாயிறு, வழக்கப்படி சர்ச்சுக்குக் கீழே திறந்த வெளியில் ஊர்க்கூட்டம். ஆண்கள் பனியில் வட்டமாக நின்றார்கள். பெண்கள் கல்லறைச் சுவருக்குப் பின்னால் நின்றார்கள். அன்றைக்கு ஒரே விஷயம்தான். கொம்பு குப்ளி வீட்டில் இருப்பதா, வேண்டாமா? மெல்கியோர் கொம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, நடுவில் ஊர்த்தலைவர் போட்டிருந்த மேசைமுன் நின்றார். காற்றில்லாத நாள், அவர் கோட்டு மட்டும் படபடத்தது.

யோஸ்ட் முன்னால் வந்தான். அவன் குரலில் கேலி இல்லை. "மெல்கியோர், எனக்கு உன் கொம்பு வேணாம். எங்க வீட்டுக்கு அது ஆகாதுன்னு எனக்கே தெரியும். அரைத் திருப்பு, அவ்வளவுதான் கேக்கறேன். மூத்தவரை வெளிய விடு. மாடெல்லாம் படுத்தா எந்திரிக்க மாட்டேங்குது. திருப்பிட்டுக் கொம்பை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ. ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்." அவன் உள்ளங்கையில் ஒரு திருப்புளி இருந்தது.

சுவருக்குப் பின்னால் ரேகுலா தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, தன்னை அறியாமல் அரைத் திருப்பு திருப்பினாள். திருப்பிவிடுங்க அண்ணே என்று அவள் மனம் சொன்னது. ஆனால் குப்ளி வீட்டுப் பெண் கூட்டத்தில் அண்ணனுக்கு மேல் பேசியதில்லை.

மெல்கியோர் பெட்டியை வெளியே எடுத்தார். திருப்பிப் பார்த்தார். சிவப்பு அரக்கு வாங்கியபடியே இருந்தது. மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

"கொம்பில்லாத குப்ளியா இருந்துடலாம். சாட்சியைக் கலைச்ச குப்ளியா இருக்க முடியாது" என்றார். தோளிலிருந்து கொம்பைக் கழற்றி ஊர்த்தலைவரின் மேசைமேல் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கொம்பை எடுத்துவிட வேண்டும் என்போர் கையைத் தூக்கலாம் என்று தலைவர் சொன்னார். கைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கடைசியில் யோஸ்டின் கையும் எழுந்தது.

அப்போது மெல்கியோரின் கோட்டு தொங்கிப்போயிற்று.

கூட்டத்தில் எல்லோரும் கைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததால் அதை யாரும் கவனிக்கவில்லை. ரேகுலா மட்டும் பார்த்தாள். இரண்டு வருஷமாக ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த துணி ஈரச்சாக்குபோல் இறங்கியதைக் கண்டு, அண்ணன் நின்றபடியே செத்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த கணம் இடது நெற்றிப்பொட்டில் ஆணி இறங்கியது. இத்தனை பலமாக அது என்றும் இறங்கியதில்லை. மூத்தவர் தங்கியது கொம்பு உள்ள வீட்டில். கொம்பு வீட்டை விட்டதும் அவரும் கிளம்பிவிட்டார். மலைக்கு அந்தப் பக்கம் போய் இறங்கத் தயாராகிறார் என்று அவள் தலை சொன்னது. ஞாயிறு மதியம், ஊரில் எல்லா அடுப்பிலும் இறைச்சி வெந்துகொண்டிருந்தது, வீடுகளில் குழந்தைகளும் படுக்கையிலிருக்கும் கிழவர்களும்தான்.

அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லறைச் சுவரைத் தாண்டினாள். கை தூக்கி நின்ற ஆண்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் மேசைமேலிருந்த கொம்பை எடுத்து ஊதினாள். பெண் ஊதி அந்த ஊர் கேட்டதில்லை. ஆனால் யார் ஊதினார்கள் என்று சட்டம் பார்ப்பதில்லை. தூக்கிய கையைக் கீழே போட மறந்தவர்களாக எல்லோரும் வீடுகளை நோக்கி ஓடினார்கள். தண்ணீர் கிடைத்தவர்கள் தண்ணீரை ஊற்றினார்கள், கிடைக்காதவர்கள் பாலை ஊற்றினார்கள். யோஸ்ட் தன் பெரிய கொப்பரையையே அடுப்பின்மேல் கவிழ்த்தான். ஒரு வாரப் பாலாடைக்கட்டி அதோடு போயிற்று. குப்ளி வீட்டில் மட்டும் அணைப்பதற்கு ஒன்றும் இல்லை.

பிறகு மூத்தவர் இறங்கினார். இரண்டு குளிர்காலத்துக்கும் சேர்த்து இறங்கினார். ஊர்த்தலைவரின் மேசை ஆற்றைத் தாண்டிப் போய் விழுந்தது. சர்ச்சின் மணி தானாக அடித்தது. கூரைப் பலகைகள் காகக் கூட்டம்போல் எழும்பிப் போயின. மூன்று நாளும் ஊரில் ஒரு பொறி இல்லை, ஒரு வீடு கருகவில்லை. மூன்றாம் நாள் முடிவில் மேய்ச்சல் நிலம் முழுக்கப் பச்சையாக இருந்தது. நிற்க முடியாத மாடுகளைக் கயிறு கட்டித் தூக்கிப் புல்லில் கொண்டுபோய் விட்டார்கள்.

கொம்பு கலைத்த கூட்டம் கூட்டமாகாது, எண்ணாத கை கையாகாது என்று ஊர்த்தலைவர் தீர்ப்புச் சொன்னார். கொம்பை எடுத்துக்கொள்ளும்படி மெல்கியோரிடம் சொல்ல யோஸ்டையே அனுப்பினார்கள். மெல்கியோர் கேட்டுக்கொண்டார்.

"நான் மேசைல வச்சதைத் திரும்ப எடுக்கறதில்ல" என்றார். பிறகு தங்கையைப் பார்த்தார். "எடுத்தவ நீ. ஆணி எங்கே இருக்குன்னு உனக்குத் தெரியும்."

அவள் கொம்பை ஏழு தலைமுறை ஆணியில் மாட்டினாள். பிறகு அடுப்பை மூட்டினாள், ஏனென்றால் வீட்டில் காற்று இல்லை. மெல்கியோர் இரண்டு கிண்ணம் சூடான கஞ்சி குடித்தார். உப்பு கம்மி என்றார். நாலாம் நாள் சாயங்காலம் சாவித்துவாரம் வழியாக மூத்தவர் திரும்பி வந்தார். வேலை முடிந்து வருபவர்போல் அசதியாக இருந்தார், ஈரமண் வாசனை அடித்தது. நேராகப் பைக்குள் போனார். மெல்கியோர் எழுந்து அடுப்பை அணைத்தார். மறுநாள் மதியம் யோஸ்ட் ரீனர் பானையைச் சுவரில் வைக்காமல் தெருக்கதவு வழியாகவே உள்ளே கொண்டுவந்தான். மெல்கியோர் அவனுக்கு நாற்காலியைக் காட்டினார். மெல்கியோரின் அப்பா இருந்திருந்தால் காட்டியிருக்க மாட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதிலிருந்து ஊர் பழகிக்கொண்டது. குப்ளி கோட்டு அடித்தால் அடுப்பை மூட்டலாம். கோட்டு தொங்கினால் ரேகுலா கொம்பை எடுப்பாள். அவள் நெற்றியும் அதையே சொல்லும். இரண்டு சாட்சியும் ஒருமுறைகூட மாறிப் பேசியதில்லை. முள் 'புயல்' என்ற சொல்லை விட்டு நகர்ந்ததும் இல்லை. மழைக்காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஈரத்துணிகளைக் கொண்டுவந்து மெல்கியோர் உட்காரும் அறையில் கொடி கட்டி உலர்த்திக்கொள்வார்கள். நடுவில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து செய்தித்தாளை இரண்டு கையாலும் பிடித்துப் படித்துக்கொண்டிருப்பார்.

சாகும் நேரத்தில் மெல்கியோர் குப்ளி யாருக்கும் தெரியாமல் திருகாணியைத் திருப்பிவிட்டார் என்றும், அதனால்தான் அவர் தலைமுடி படிந்து கிடந்தது, முகமும் அமைதியாக இருந்தது என்றும் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அரக்கு இன்றும் உடையாமல் இருக்கிறது. முடி படிந்து கிடந்ததற்குக் காரணம், அன்று ரேகுலா பெட்டியை மூத்தவரோடு சேர்த்து அவர் பையிலிருந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு அடுத்த அறையில் போய் உட்கார்ந்திருந்ததுதான்.